பட்டியலில் யார் பெயர்? போர் முடிந்த நாடுகளில் பெண்களுக்கான வெளிநாட்டு உதவி

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, அதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூடக் கடலூரில் கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். டீக்கடை முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை இரண்டே கட்சிதான். "பெண்கள் முன்னேற்றம்னு சொல்லிக் கோடி கோடியா அள்ளி விட்டானுங்க, எல்லாம் கமிஷனாப் போச்சு" என்பது ஒரு கட்சி. "பாவம், இனி அந்த விதவைகளுக்கு யார் சோறு போடுவாங்க" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் மனதில் இருப்பது ஒரே படம். பணக்கார நாடு ஒன்று கையை நீட்டுகிறது, ஏழைப் பெண் ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள். நடுவில் யாரும் இல்லை. ஆனால் விஷயமே அந்த நடுவில்தான் இருக்கிறது. அங்கே ஒருவர் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறார். எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, அந்தப் பட்டியலில் பெயர் ஏற என்ன காட்ட வேண்டும் என்பதுதான் உதவி யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

போர் முடிந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கும் மற்ற நாடுகளுக்கும் போகும் முன், கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினம் வரை போய் வருவோம்.

தலைக்கட்டுக் கணக்கு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர் கடற்கரைக்கு லாரி லாரியாக நிவாரணம் வந்தது. உள்ளூர்ப் பணம், வெளிநாட்டுப் பணம், கோயில், சர்ச், மசூதி என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கொண்டுவந்தவர்களுக்கு முதல் கேள்வி, யாரிடம் கொடுப்பது? மீனவ ஊர்களில் அதற்கு விடை தயாராக இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்திடம் தலைக்கட்டுக் கணக்கு உண்டு. கல்யாணமான ஆண் என்றால் ஒரு தலைக்கட்டு. அவர் வரி கட்டுவார், திருவிழாச் செலவில் பங்கு கொடுப்பார், ஊருக்குப் பொதுவாக ஏதாவது வந்தால் பங்கு வாங்குவார். நிவாரணம் கொடுக்க வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. பட்டியல் தயார், பிரச்சினை இல்லை.

ஆனால் கணவனை இழந்த பெண்ணிடம் பல ஊர்களில் வரி வாங்குவதில்லை. சாதாரண காலத்தில் இது சலுகை. நிவாரணம் அதே பட்டியலின்படி வந்தபோது சலுகையே வினையாகிவிட்டது. வரி கட்டாதவருக்குப் பங்கும் இல்லை. கடற்கரையில் பல இடங்களில் விதவைகளும் தனியாக வாழ்ந்த பெண்களும் இப்படித்தான் விடுபட்டார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. பட்டியலில் அவர்களுக்கு வரி என்பதும் இல்லை, வரிசை என்பதும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. ஃபைபர் படகும் வலையும் ஏராளமாக வந்தன. படகு ஆணுக்குப் போனது. மீனைக் கூடையில் சுமந்து மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தெருத் தெருவாக விற்ற பெண்ணும் அதே கடலை நம்பித்தான் பிழைத்தார். அவருடைய கூடை, அலுமினியப் பாத்திரம், அன்றாடம் சரக்கு எடுக்க வைத்திருந்த முதல், இவை எதற்கும் படிவத்தில் இடம் இல்லை. அரசு நிரந்தர வீடுகள் கட்டிக் கொடுத்தபோது கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா என்று வைத்தது. ஒரே பேரிடரில் ஒரு விதி பெண்ணை விட்டுவிட்டது, இன்னொரு விதி பெண்ணைச் சேர்த்தது. இரண்டுக்கும் செலவான பணத்தின் அளவுக்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உதவி என்பது எது, யார் கை வழியாக வருகிறது

செய்திகளில் வரும் வெளிநாட்டு உதவிக்குக் கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயர் 'அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி'. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1969இல் இதற்கு வரையறை வகுத்தது. அரசாங்கப் பணமாக இருக்க வேண்டும், வளரும் நாட்டின் நலன் முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும், மானியமாகவோ சலுகைக் கடனாகவோ கொடுக்க வேண்டும். ராணுவத் தளவாடம் இதில் சேராது. துபாயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பும் பணமும் சேராது.

மானியம் என்றால் திருப்பித் தர வேண்டாத பணம். சலுகைக் கடன் என்றால் சந்தை வட்டியைவிடக் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணையில் திருப்பித் தரும் பணம். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். குழு என்றால் முழுக்க நம் ஊர்ச் சங்கதி என்றுதான் நினைக்கிறோம். 1989இல் தருமபுரியில் அரசு இதைத் தொடங்கியது, ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த கடனில். பிறகு சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் வந்தது. அன்றைய தென்னாற்காட்டில்தான் இன்றைய கடலூர் மாவட்டமும் இருந்தது. ஆக, வெளிநாட்டு உதவி பெற்ற பெண்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் அம்மாவே அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

மொத்தம் எவ்வளவு? 2023இல் அந்தக் கூட்டமைப்பின் நாடுகள் கொடுத்தது சுமார் 22,300 கோடி டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். அந்த நாடுகளின் தேசிய வருமானத்தில் அது 0.37 சதவீதம். 0.7 சதவீதம் கொடுங்கள் என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டது 1970இல். நார்வே, ஸ்வீடன், டென்மார்க் போன்ற சில நாடுகள்தான் அந்தக் கோட்டைத் தாண்டின.

இதில் பெண்களுக்கு எவ்வளவு என்று பார்க்க ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். பாலினக் குறியீடு என்று பெயர். பெண்-ஆண் சமத்துவம் திட்டத்தின் நோக்கமே இல்லையென்றால் 0. பல நோக்கங்களில் ஒன்று என்றால் 1. அதற்காகவே போட்ட திட்டம் என்றால் 2. ஒரு சாலைத் திட்டத்தில் பெண் தொழிலாளர்களுக்கு இத்தனை இடம் என்று எழுதினாலும் 1 கிடைக்கலாம். 2020-21 கணக்கில், நாடுகள் நேரடியாகக் கொடுத்த உதவியில் 44 சதவீதம் 1 அல்லது 2 வாங்கியது. 2 மட்டும் வாங்கியது 4 சதவீதம்தான். "பாதி உதவி பெண்களுக்குத்தான் போகிறது" என்று யாராவது சொன்னால் அந்த 44ஐச் சொல்கிறார். "பெண்களுக்கு ஒன்றுமே போவதில்லை" என்று சொல்பவர் 4ஐச் சொல்கிறார்.

பணம் வரும் வழி நீளமானது. கொடுக்கும் நாட்டின் அரசு அதைத் தன் உதவி முகமையிடம் கொடுக்கும். முகமை ஒரு ஐ.நா. அமைப்பிடமோ ஒப்பந்த நிறுவனத்திடமோ பெரிய தொண்டு நிறுவனத்திடமோ கொடுக்கும். அவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்திடம் கொடுப்பார்கள். ஒவ்வொரு கையிலும் நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் நிற்கும். டீக்கடையில் கமிஷன் என்று சொன்னது இதைத்தான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கெழுதுபவர் சம்பளத்தையும் ஜீப் டீசலையும் திருட்டு என்று சொல்ல முடியாது.

நம் நாடும் கொடுக்கிறது. இந்தியா அந்தப் பணக்கார நாடுகளின் உதவிக் குழுவில் இல்லாததால் அந்தப் புள்ளிவிவரத்தில் நம் பணம் வராது, அவ்வளவுதான். அகமதாபாத்தின் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு இந்திய அரசின் பணத்தில் காபூலின் பாகே ஜனானா தோட்டத்தில் ஆப்கன் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தது. மட்டக்களப்பில் போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் கொடுத்தது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: உதவி மானியமும் கடனுமாகக் கலந்து வருகிறது, பல கை மாறுகிறது, பெண்களுக்கானது என்ற முத்திரை பல வகைத் திட்டங்கள் மேல் விழுகிறது. கடைசிக் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது.

சண்டை நின்ற பிறகு என்ன மாறுகிறது

ஆழிப்பேரலையும் போரும் ஒன்றல்ல. அலை வந்து போனது, அரசு அப்படியே இருந்தது. தாலுகா ஆபீசும் ரேஷன் கார்டும் தப்பின. போர் முடிந்த நாட்டில் பட்டியல் எழுத வேண்டிய அலுவலகமே எரிந்து கிடக்கும். 'போருக்குப் பிந்தைய நாடு' என்று சொல்வது பெரிய அளவில் சண்டை நின்று, அரசு மறுபடி எழுந்து நிற்க முயலும் காலத்தை. சியரா லியோனுக்கு அது 2002 ஜனவரியில் தொடங்கியது. லைபீரியாவுக்கு 2003 ஆகஸ்ட். இலங்கைக்கு 2009 மே.

இந்தக் காலத்தில் பெண்ணின் சிக்கல் பசியோடு நிற்பதில்லை. கணவன் செத்தானா இருக்கிறானா என்றே தெரியாது. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் நிலம் பெயர் மாறாது, வங்கிக் கணக்கைத் தொட முடியாது, உதவித்தொகை வராது. இறப்புச் சான்றிதழ் வாங்கினாலோ, காணாமல் போனவரைத் தானே கொன்றுவிட்டதாக அவளுக்குத் தோன்றும். தேடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் போய்விடுமோ என்ற பயம் வேறு. வடக்கு இலங்கையில் எத்தனையோ தாய்மார்களும் மனைவிமார்களும் இந்த முட்டுச்சந்தில் நின்றார்கள். போர் முடிந்து 7 ஆண்டுகள் கழித்து, 2016இல் தான் சட்டத்தைத் திருத்தி, 'காணாமல் போயிருக்கிறார்' என்பதற்கே தனிச் சான்றிதழ் கொடுக்கும் வழியை இலங்கை அரசு கொண்டுவந்தது. ஒரு காகிதம்தான். ஆனால் எந்தப் பயிற்சி வகுப்பும் அந்தக் காகிதத்துக்கு ஈடாகாது.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1325ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. சமாதானப் பேச்சிலும் மறுகட்டுமானத்திலும் பெண்களுக்கு இடம் வேண்டும், போரில் அவர்கள்மேல் நடக்கும் வன்முறையைத் தடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இன்று இந்தத் துறையில் எந்தத் திட்ட அறிக்கையைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் 1325 இருக்கும். அந்தத் தீர்மானத்தோடு பணம் எதுவும் வரவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

துப்பாக்கி கொண்டு வந்தால்தான் பெயர்

போர் முடிந்ததும் முதலில் நடக்கும் பெரிய செலவு ஆயுதக் களைவுத் திட்டம். போராளிகளிடமிருந்து துப்பாக்கியை வாங்குவது, படையைக் கலைப்பது, அவர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து ஊரோடு சேர்ப்பது என்று மூன்று படி. துப்பாக்கி கொடுத்தவருக்குக் கொஞ்சம் பணமும் பயிற்சியும் கிடைக்கும்.

சியரா லியோனில் 72,000 பேருக்கு மேல் இப்படி ஆயுதம் ஒப்படைத்தார்கள். அதில் பெண்கள் 5,000 பேர்கூட இல்லை. காட்டில் இருந்த பெண்கள் அவ்வளவுதானா? இல்லை. ஆயிரக்கணக்கான சிறுமிகளும் பெண்களும் கடத்தப்பட்டு, தளபதிகளுக்கு 'மனைவி'யாக்கப்பட்டு, சமைத்து, மூட்டை சுமந்து, உளவு பார்த்து, சிலர் சண்டையும் போட்டார்கள். ஆனால் வாசலில் கேட்டது துப்பாக்கியை. சில இடங்களில் அதைப் பிரித்து மறுபடி பூட்டிக் காட்டவும் சொன்னார்கள். சமைத்துப் போட்டவள் எதைப் பிரித்துக் காட்டுவாள்? துப்பாக்கி வைத்திருந்த பெண்ணிடமிருந்தும் தளபதி அதைப் பிடுங்கித் தனக்கு வேண்டிய பையனிடம் கொடுத்ததுண்டு. பட்டியல் எழுதியவர் தளபதி என்றால், அவர் கடத்தி வந்த பெண் அவர் தயவில்தான் உதவி பெற வேண்டும். இதைவிடக் கொடுமையான படிவம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து நாடான லைபீரியாவில் பிறகு இதே திட்டம் வந்தபோது இந்தப் பாடத்தைப் பார்த்து விதியை மாற்றினார்கள். படைகளோடு இருந்த பெண்களும் சிறுவர்களும் துப்பாக்கி இல்லாமலேயே வரலாம் என்றார்கள். பெயர் பதிந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள், அதில் சுமார் 22,000 பேர் பெண்கள். பணம் அதிகமானதால் வந்த மாற்றமில்லை இது. வாசலில் கேட்ட கேள்வி மாறியது.

சரி, அப்படியானால் எல்லாரையும் உள்ளே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. லைபீரியாவில் முதலில் எதிர்பார்த்தது சுமார் 38,000 பேரை. வந்தவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். சேர்ந்த துப்பாக்கிகளோ 30,000ஐக்கூட எட்டவில்லை. சண்டையே போடாத பலரும் உதவித்தொகைக்காக வரிசையில் நின்றார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பட்டியலை இறுக்கினால் உரியவள் வெளியே நிற்பாள், தளர்த்தினால் உரிமையில்லாதவன் உள்ளே வருவான். திட்டம் போடுபவர் எந்தத் தவறைத் தாங்கிக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் தாங்கிக்கொள்ளலாம் என்பேன்.

லைபீரியாவில் நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 2007இல் ஐ.நா. அமைதிப்படைக்காக மத்திய ரிசர்வ் போலீஸின் முழுப் பெண்கள் அணி ஒன்று மன்ரோவியாவுக்குப் போனது. முழுக்கப் பெண்களைக் கொண்ட முதல் ஐ.நா. போலீஸ் அணி அதுதான். 2016 வரை அணி மாற்றி அணியாக அங்கே இருந்தார்கள். அப்போது அங்கே ஜனாதிபதி எல்லன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று ஜனாதிபதியான முதல் பெண்.

வயலும் கல்யாணச் சான்றும்

ருவாண்டாவில் 1994இல் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பிழைத்த பெண் வயலுக்குத் திரும்பினால் அது அப்பா பெயரிலோ கணவன் பெயரிலோ இருந்தது. மகளுக்கு நிலத்தில் பங்கு இல்லை. 1999இல் சட்டம் மாறியது, மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை என்று. நம் ஊரில் 1989இல் கலைஞர் ஆட்சியில் வந்த சொத்துரிமைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் எத்தனை அக்கா தங்கைகள் பத்திர ஆபீஸில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை நிலத்தில் இறக்க அளவை வேண்டும். 2009 முதல் 2013 வரை பிரிட்டன் முதலிய நாடுகளின் உதவியோடு நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட நிலத்துண்டுகளைப் பதிவு செய்தார்கள். முன்னோட்டமாகச் செய்த இடங்களில் ஆராய்ந்தபோது, பதிவுத் திருமணம் செய்த மனைவிகளின் பெயர் நிலப் பத்திரத்தில் முன்னைவிட நன்றாக ஏறியிருந்தது. பதிவில்லாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது. வாய்வழியில் இருந்த உரிமை காகிதத்தில் ஏறும்போது, காகிதம் இல்லாதவள் நழுவிவிட்டாள். அதன் பிறகுதான் படிவத்தையும் நடைமுறையையும் திருத்தினார்கள்.

துப்பாக்கியும் கல்யாணச் சான்றும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டும் வாசலில் காட்ட வேண்டிய சீட்டு. எந்தச் சீட்டைக் கேட்கிறார்கள் என்பதில் யார் உள்ளே, யார் வெளியே என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

தையல் மெஷின்

பெண்களுக்கான திட்டம் என்றால் உலகம் முழுக்க யாருக்கும் உடனே தோன்றுவது தையல். போஸ்னியாவில் 1996இல் அமெரிக்கா கொடுத்த 50 லட்சம் டாலரில் ஐ.நா. அகதிகள் முகமை ஒரு பெண்கள் திட்டம் தொடங்கியது. பின்னர் ருவாண்டாவிலும் கொசோவோவிலும் அதே மாதிரி. பின்னலும் தையலும் அங்கே ஒரு பயனைத் தந்தன: எல்லாவற்றையும் இழந்த பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்கார, பேச, அழ ஒரு காரணம் கிடைத்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் வருமானம் என்று பார்த்தால், ஒரே ஊரில் நாற்பது பேருக்குத் தையல் கற்றுக் கொடுத்தால் துணி தைக்கக் கொடுப்பது யார்? ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் குப்பங்களிலும் தையல், மெழுகுவத்தி, ஊறுகாய் என்று பயிற்சி நடந்தது. ஊறுகாய் போடத் தெரியாத வீடு எது?

வடக்கு உகாண்டாவில் வேறு வழியைப் பார்த்தார்கள். இருபது ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, 2009இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 120 கிராமங்களில் மிக ஏழ்மையான 1,800 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஐந்து நாள் வியாபாரப் பயிற்சி, 150 டாலர் பணம், பிறகு அவ்வப்போது வந்து பார்ப்பது, அவ்வளவுதான். எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்குப் பிறகு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அதனால் பணம் வாங்கிய ஊரையும் இன்னும் வாங்காத ஊரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. இந்த ஒப்பீட்டு ஊர்களைக் கட்டுப்பாட்டுக் குழு என்பார்கள். அது இல்லாமல், மழை நன்றாகப் பெய்ததால் வருமானம் கூடியதா, திட்டத்தால் கூடியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றரை ஆண்டுக்குள் சிறுதொழில் செய்பவர்களின் எண்ணிக்கையும் வருமானமும் ஏறக்குறைய இரட்டிப்பாயின. சின்னப் பெட்டிக்கடை, வாங்கி விற்பது என்று பெண்கள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலைகள். தையல்தான் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதில் இன்னொரு முடிவும் வந்தது, அதை உதவிக்காரர்கள் உரக்கச் சொல்வதில்லை. வருமானம் கூடிய பிறகும் வீட்டில் அடி உதை குறைந்ததாகத் தெரியவில்லை, பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு பெரிதாகக் கூடவும் இல்லை. கையில் காசு வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறோம். நம் தெருவிலேயே சம்பாதித்துக்கொண்டு அடியும் வாங்கும் பெண்கள் இருக்கும்போது, உகாண்டா முடிவைப் படித்து ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சம்பள வேலை இன்னொரு வகை. வடக்கு இலங்கையில் ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் பல நாடுகளின் பணத்தில் கண்ணிவெடி அகற்றுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள் பலர் அதில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். வெயிலில் கவசம் போட்டுக்கொண்டு முழங்காலில் ஊர்ந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் தேடும் வேலை. ஆபத்தானது. ஆனால் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி இல்லை, மாதம் பிறந்தால் பணம் வரும். கடைசி வெடி எடுத்ததும் வேலையும் முடியும்.

கடன் என்ற பெயரில் வந்தது

இலங்கையில் இந்தியா அறிவித்தது 50,000 வீடுகள். பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும், ஒரு பகுதி மலையகத்தில். போர் நடந்த பகுதிகளில் ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், தவணை தவணையாக வங்கிக் கணக்கில் விழும், வீட்டைக் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும். முழுக்க மானியம். ஒப்பந்தக்காரர் நடுவில் இல்லாததால் கமிஷன் குறைவு, நல்ல முறைதான். ஆனால் குடும்பமே கட்டும் என்றால் கல் சுமக்க, குழி வெட்ட ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கணவனும் மகனும் இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஜன்னல் வரை எழுந்த சுவரை மேலே கொண்டுபோகக் கைமாற்று வாங்கியவர்கள் உண்டு.

அந்த நேரத்தில்தான் நுண்கடன் நிறுவனங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தன. நுண்கடன் என்றால் அடமானம் இல்லாமல், பெரும்பாலும் பெண்கள் குழுவுக்கு, வாரத் தவணையில் கொடுக்கும் சிறு கடன். நம் ஊரில் 'குழு லோன்' என்று சொல்வது இதைத்தான். இது உதவி இல்லை, வியாபாரம். ஆனால் போர் முடிந்த பகுதியில் ஜீப்பில் வந்து பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசும் எல்லாருமே பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். 2018இல் இலங்கைக்குப் போன ஐ.நா. நிபுணர் ஒருவர், சில கடன்களில் ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று பெண்கள் சிக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. உதவித் திட்டப் பட்டியலில் ஏறப் படாதபாடு பட்ட பெண், கடன்காரன் பட்டியலில் ஒரு மதியத்தில் ஏறிவிடலாம். அங்கே கேட்டது அடையாள அட்டையும் குழுவில் இன்னும் நான்கு பெண்களின் கையெழுத்தும் மட்டும்தான்.

உகாண்டாவில் 150 டாலர் இலவசமாகக் கொடுத்தபோது நடந்ததும் இலங்கையில் கடனாகக் கொடுத்தபோது நடந்ததும் வேறு வேறு. தொழில் தொடங்க முதல் வேண்டும் என்பது உண்மை. ஒன்றுமே இல்லாத வீட்டில் முதல் என்பது கடனாக வந்தால், முதல் வாரத் தவணை அந்த முதலிலிருந்தே போகும்.

எதை எண்ணினார்கள்

ஆப்கானிஸ்தானில் 2014இல் அமெரிக்கா 'புரமோட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெண்களுக்காக அந்த நாட்டின் உதவி முகமை போட்ட மிகப் பெரிய திட்டம் என்று சொன்னார்கள். இலக்கு 75,000 பெண்கள், ஒதுக்கியது 21.6 கோடி டாலர். 2018இல் அமெரிக்காவின் சொந்தக் கண்காணிப்பு அமைப்பே, இதனால் பெண்கள் முன்னேறினார்கள் என்று காட்ட முகமையிடம் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

காரணத்தை எளிதாகச் சொல்லலாம். இத்தகைய திட்டங்களில் எண்ணுவது இரண்டு வகை. எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்பது வெளியீடு. அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்து ஒரு வருடம் கழித்தும் நீடித்தது என்பது விளைவு. வெளியீட்டை வருகைப் பதிவேட்டில் பார்க்கலாம். விளைவைப் பார்க்க ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணைத் தேடிப் போக வேண்டும். அதற்குள் திட்டமும் முடிந்திருக்கும், மேலாளரும் வேறு நாட்டில் இருப்பார். பிறகு 2021 ஆகஸ்ட்டில் தலிபான் வந்தது. 2022 டிசம்பரில் பெண்கள் பல்கலைக்கழகம் போவதையும் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பதையும் தடை செய்தது. பெண் ஊழியர் இல்லாமல் பல வீடுகளுக்குள் போய்ப் பட்டியல் எழுதவே முடியாது என்பதால், அந்தத் தடை வேலை இழந்தவர்களோடு நிற்கவில்லை.

பணம் குறைந்த பிறகு

2024இல் பணக்கார நாடுகளின் உதவி 0.33 சதவீதமாக இறங்கியது. 2025இல் பிரிட்டன் தன் பங்கை 2027க்குள் 0.5இலிருந்து 0.3 சதவீதமாக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா, தன் உதவி முகமையின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்ததாகச் சொன்னது. ஜூலையில் முகமையே மூடப்பட்டது.

இப்படிப் பணம் நிற்கும்போது எல்லாம் ஒரே வேகத்தில் சரிவதில்லை. முதலில் போவது சம்பளமும் மருந்தும். ருவாண்டாவின் 1999 சட்டமும் நிலப் பத்திரத்தில் ஏறிய பெயரும் அப்படியே நிற்கும், அவற்றுக்கு மாதாமாதம் டாலர் தேவையில்லை. அதனால்தான் உதவித் திட்டத்தைப் பற்றிய செய்தி வரும்போது நான் முதலில் தேடுவது தொகையை அல்ல, எதன் மீது செலவழித்தார்கள் என்பதை.

குறிஞ்சிப்பாடியிலும் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு பெண் தன் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தால், ஐ.நா. அகதிகள் முகமை பயணத்துக்கும் தொடக்கச் செலவுக்கும் கொஞ்சம் உதவி வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோரின் பழைய பதிவுகளைத் தேடி எடுக்க வேண்டும். ஊரில் அப்பாவின் காணி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே வீட்டுத் திட்டம் எது வந்தாலும் முதலில் கேட்பது காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை. முகாமில் இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்க உட்காரும் ஓர் ஆளின் சம்பளமும் பஸ் செலவும் எந்த நாட்டின் உதவி அறிக்கையிலும் தனித் தலைப்பாக வராது. 'இதர செலவுகள்' என்ற வரிக்குள் கிடக்கும், ஒதுக்கீடு குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான்.